சிவப்பு மூக்கும் தண்ணீர்த் தொட்டியும்: லயனல் 2333 பற்றி

போன டிசம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் மத்தியானம் முழுக்கப் பொம்மை ரயில் ஓட்டினோம். ரெண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. வெட்கமெல்லாம் இல்லை. ஓட்டியது லயனல் கம்பெனி 1948ல் கொண்டுவந்த 2333. சாண்டா ஃபே ரயில்வேயின் எஃப்-3 டீசல் இன்ஜினுடைய மாடல். வெள்ளி நிற உடம்பு, சிவப்பு மூக்கு, சிவப்பு முடிகிற இடத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள். பழைய அமெரிக்கப் பொம்மை ரயில் என்று தேடிப் பாருங்கள், சீக்கிரமே இந்த முகம் வந்து நிற்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மூக்கு மனசை விட்டுப் போகவில்லை. நிஜ இன்ஜினைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இந்தப் பொம்மையை நான் பார்த்த விதமே தப்பு என்று தோன்றியது. அதுதான் இந்தக் குறிப்பு.

மாடல் ரயில்காரர்கள் விமர்சனம் செய்வதற்கு ஒரு வாடிக்கையான வழி இருக்கு. நிஜ இன்ஜினின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிவெட் எண்ணுவது. கைப்பிடி சரியான இடத்தில் இருக்கிறதா, ஜன்னல் வட்டமா, மூக்கின் வளைவு சரியா என்று போகும். சரி, நானும் கொஞ்சம் எண்ணிவிடுகிறேன்.

இது ஓ கேஜ் மாடல். அதாவது நிஜத்தில் 48ல் ஒரு பங்கு. எஃப்-3இன் நீளம் 50 அடி 8 அங்குலம். 48ஆல் வகுத்தால் பன்னிரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்கு முன்னால் பல பொம்மைகளில் செய்ததுபோல லயனல் இதில் நீளத்தைக் கண்டபடி வெட்டவில்லை. உடம்பின் அளவு ஏறத்தாழ நியாயமாகவே இருக்கு. அபத்தம் கீழே, தண்டவாளத்தில். ஓ கேஜ் தண்டவாளத்தின் அகலம் ஒண்ணேகால் அங்குலம். அதை 48ஆல் பெருக்கிப் பாருங்கள்: 5 அடி. அமெரிக்க ரயில்வேயின் அகலமோ 4 அடி எட்டரை அங்குலம். அமெரிக்காவில் ஓ கேஜ் ஓட்டுகிற எல்லோரும் பல தலைமுறையாக மூன்றரை அங்குலம் அகலமான தண்டவாளத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. போதாததற்கு நடுவில் மின்சாரத்துக்காக மூன்றாவது தண்டவாளம் வேறு. வளைவோ 31 அங்குல விட்டமுள்ள வட்டம். நிஜ அளவுக்குக் கொண்டுபோனால் சுமார் 60 அடி ஆரம். நிஜ எஃப்-3 அந்த வளைவில் திரும்பவே திரும்பாது.

அடுத்தது எண். பொம்மையின் நெற்றியில் 2333 என்று இருக்கிறது. அது லயனல் கேட்டலாக் எண். அதே வருஷம் நியூ யார்க் சென்ட்ரல் ரயில்வேயின் நிறத்திலும் அதே இன்ஜினை லயனல் விற்றது. அதன் நெற்றியிலும் 2333! நிஜத்தில் சாண்டா ஃபேயின் முதல் எஃப்-3களுக்கு எண் 16. நான்கு யூனிட் சேர்ந்து ஒரு இன்ஜின்: 16எல், 16ஏ, 16பி, 16சி. முன்னும் பின்னும் மூக்கும் டிரைவர் அறையும் உள்ள ஏ யூனிட்கள், நடுவில் மூக்கே இல்லாத பி யூனிட்கள். லயனல் முதலில் விற்றது மூக்குள்ள இரண்டை மட்டும்தான். ஒன்றில் மோட்டார், மற்றது வெறும் கூடு. நடுவில் சேர்க்கிற பி யூனிட் 1950ல்தான் வந்தது.

நான்குக்கும் ஏன் ஒரே எண் என்பது தனிக் கதை. ஒவ்வொரு யூனிட்டும் தனி இன்ஜின்தானே, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆள் போடு என்று தொழிற்சங்கங்கள் கேட்டுவிடுமோ என்ற பயம் ரயில் கம்பெனிகளுக்கு இருந்தது. 'நாலும் சேர்ந்துதான் ஒரு இன்ஜின், பாரு எண்ணும் ஒண்ணுதான்' என்று காட்டுவது கம்பெனிகளுக்குச் சௌகரியம். ஒரு எண் பலகைக்குள் இவ்வளவு கூலிப் பேச்சுவார்த்தை ஒளிந்திருக்கும் என்று ரிவெட் எண்ணும்போது தெரியாது.

ஓடும்போது பார்த்தால் வேறொன்று உறைக்கிறது. இந்த இன்ஜினில் அசைகிற மாதிரி ஒன்றுமே கண்ணுக்குத் தெரிவதில்லை. நீராவி இன்ஜின் பொம்மையில் கம்பிகள் முன்னும் பின்னும் போகும், பெரிய சக்கரம் சுற்றும். 1946லிருந்து லயனலின் நீராவி இன்ஜின்கள் புகையும் விட்டன. குழந்தை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பது அதைத்தான். 2333இல் புகை இல்லை, கம்பி இல்லை. சின்னச் சக்கரங்கள் சட்டத்துக்குள் மறைந்திருக்கின்றன. அதற்குப் பதிலாக லயனல் கொடுத்தது டார்ச் லைட் பேட்டரியில் அலறும் ஒரு ஹாரனும், நிறைய பெட்டிகளை இழுக்க இரண்டு மோட்டாரும், அந்தச் சிவப்பு மூக்கும். குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை முழுக்க நிறத்தின் தலையில்.

நிஜ இன்ஜினுக்கும் இதே கதைதான். இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரசியமானது.

எஃப்-3ஐச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் எலெக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு, சிகாகோ பக்கத்தில் லா கிரேஞ்ச் தொழிற்சாலையில். இந்தக் கம்பெனியை 1922ல் ஆரம்பித்த ஹாமில்டன், லாரி விற்கும் தொழிலிலிருந்து வந்தவர். 1930ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கியது. நீராவி காலத்தில் ஒவ்வொரு ரயில்வேயும் தன் மலைக்கு, தன் நிலக்கரிக்கு, தன் தலைமை இன்ஜினியரின் பிடிவாதத்துக்கு ஏற்ற மாதிரி இன்ஜின் செய்யச் சொல்லும். தையல்காரரிடம் சட்டை தைப்பது மாதிரி. ஹாமில்டன் கொண்டுவந்தது ரெடிமேட். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே உதிரிபாகம். ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்சி தருகிறோம். வாங்கப் பணமில்லையா, கடனுக்கும் வழி இருக்கு. கார் விற்கிற முறையே.

உள்ளே இருந்த டீசல் 567 என்ற எண்ணால் புகழ்பெற்றது. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 567 கன அங்குலம். அதுதான் பெயர், வேறு ரகசியம் எதுவும் இல்லை. அதுபோலப் பதினாறு சிலிண்டர், வி வடிவத்தில், இரண்டு ஸ்ட்ரோக். டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் அச்சுகளில் இருக்கிற மோட்டார்கள் ஓடும். எஃப்-3இல் யூனிட்டுக்கு 1,500 குதிரைத்திறன். (நம்மூர்ப் பாதையில் சரக்கு ரயில் இழுக்கிற டபிள்யூ.டி.ஜி.-4 இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது இதே வம்சத்தின் பேரன், 710. அந்த எண்ணும் சிலிண்டரின் கன அங்குலம்தான். வம்ச வழக்கத்தை விடவில்லை.)

எஃப்-3க்கு அண்ணன் எஃப்.டி. 1939 நவம்பரில் 103 என்ற எண்ணோடு நான்கு யூனிட்கள், 5,400 குதிரைத்திறனோடு, லா கிரேஞ்சிலிருந்து கிளம்பின. 11 மாதம், 20 ரயில்வேக்கள், 35 மாநிலங்கள், 83,764 மைல். வீட்டு வாசலில் வந்து 'ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்' என்று கார் ஏஜெண்ட் சொல்வானே, அதே வித்தை, ஒரு கண்டத்தின் அளவில். நீராவியை நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த 11 மாதத்தில் பதில் கிடைத்துவிட்டது.

முதலில் வாங்கியது சாண்டா ஃபே. காரணம் தண்ணீர். அரிசோனாவின் வின்ஸ்லோவிலிருந்து கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ வரை பாலைவனம். நீராவி இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காது. இன்ஜின் குடிக்கிற தண்ணீரை டேங்கர் வண்டிகளில் இன்னொரு இன்ஜின் இழுத்துக்கொண்டுவர வேண்டும். தண்ணீரே கேட்காத ஒரு இன்ஜின் வந்தால் யார் வேண்டாமென்பார்கள்? சாண்டா ஃபே கடைசியில் 320 எஃப்.டி. யூனிட்களை வாங்கியது. வேறு எந்த ரயில்வேயும் அவ்வளவு வாங்கவில்லை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். எல்லா ரயில்வேக்கும் ஒரே இன்ஜின் என்றால், ஒருவருடையதை இன்னொருவருடையதிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பெயின்ட்தான். ஜெனரல் மோட்டார்ஸ் தன் செலவில் ஓவியர்களை வைத்து, 'உங்கள் இன்ஜின் இப்படி இருக்கும்' என்று ஒவ்வொரு ரயில்வேக்கும் வண்ணப் படம் வரைந்து கொடுத்தது. இன்ஜின் வாங்க முடிவெடுக்கும் முன்பே அதன் படம் தலைவரின் மேசையில் இருக்கும். சாண்டா ஃபேயின் சிவப்பு-வெள்ளியும் அப்படிப் பிறந்ததுதான். லெலண்ட் நிக்கர்பாக்கர் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் சூப்பர் சீஃப் ரயிலுக்காக 1937ல் வரைந்தது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 39 மணி 45 நிமிஷத்தில் போன சொகுசு ரயில். பூர்வகுடித் தலைவர்களின் இறகுக் கிரீடத்தைப் பக்கவாட்டில் பார்த்தது மாதிரி இருப்பதால் 'வார்பானெட்' என்று பெயர். யாருடைய நிலத்தின் குறுக்கே அந்தப் பாதை போனதோ, அவர்களுடைய கிரீடம் இன்ஜினின் மூக்கில்.

ஆக, லயனல் 1948ல் செய்தது என்ன? லயனல் வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு தகவல் இருக்கு. இந்தப் பொம்மைக்கான அச்சுகள் செய்யும் செலவை நான்காகப் பிரித்தார்கள்: லயனல் ஒரு பங்கு, சாண்டா ஃபே ஒரு பங்கு, நியூ யார்க் சென்ட்ரல் ஒரு பங்கு, ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு பங்கு. பொம்மையின் உடம்பில் ஜி.எம். என்ற குட்டி முத்திரையும் இருக்கிறது, நண்பர் டார்ச் அடித்துக் காட்டினார். அதாவது இது நிஜ இன்ஜினைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்த பொம்மை மட்டும் இல்லை. நிஜ இன்ஜினை விற்றவனும் வாங்கியவனும் காசு போட்டு, வீட்டுக்கு வீடு அனுப்பிய விளம்பரம். விளம்பரத்துக்குக் காசு கொடுத்ததோ பையனின் அப்பா!

இதைத் தெரிந்துகொண்டதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு வேறு மாதிரி தோன்றியது. ரிவெட் எண்ணுகிறவர் 2333இல் கண்டுபிடிக்கும் தப்புகள் எல்லாம் இன்ஜினைப் பற்றியவை: எண், தண்டவாளம், வளைவு. ஆனால் நிஜத்தில் இந்த இன்ஜின் என்னவாக இருந்தது? கேட்டலாக்கில் பார்த்து, நிறம் சொல்லி, பெட்டியில் வாங்குகிற சரக்கு. அச்சு ஒன்றே, நிறம் மட்டும் மாறும். லயனலும் அப்படியேதான் செய்தது. அடுத்த சில வருஷங்களில் அதே அச்சிலிருந்து வெஸ்டர்ன் பசிபிக், சதர்ன், டெக்ஸஸ் ஸ்பெஷல் என்று நிறம் நிறமாக வந்தன. லா கிரேஞ்சில் பெரிசாக நடந்ததைத்தான் லயனல் சின்னதாகச் செய்தது. அந்த அர்த்தத்தில் இதைவிடத் துல்லியமான மாடலை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு வருகிற மாடல்களில் ஒவ்வொரு கைப்பிடியும் தனியாகச் செய்து ஒட்டியிருக்கும், 16எல் என்று சரியான எண் இருக்கும், உள்ளே 567இன் ஒலியைப் பதிவு செய்து போட்டிருப்பார்கள். அவை இன்ஜினின் உடம்பைத்தான் சொல்கின்றன. அது எப்படி ஊரூராகப் போய் விற்கப்பட்டது என்பதைச் சொல்வது 2333. 1953 வாக்கில் லயனல் கூரையில் இருந்த நிஜக் கம்பிவலையை எடுத்துவிட்டு, செலவு குறைய அந்த இடத்தை அச்சிலேயே வார்த்துவிட்டது. வாங்குபவர்கள் பழைய வலையைத் தேடிப்போய் அதிக விலை கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ, வலை போனதும் அந்தக் கதைக்குப் பொருத்தம்தான்.

ஆனால் ஒரு இடத்தில் இதை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

1951ல் ஃப்ரெட் காட்ரெல் என்ற சமூகவியலாளர் அமெரிக்க சமூகவியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். டீசல் வந்ததால் ஒரு ஊர் செத்த கதை. தலைப்பே அதுதான். ஊரின் பெயரைக் காலியென்டே என்று சொல்கிறார். இது சாண்டா ஃபே பாதையில் உள்ள ஊர் இல்லை, ஆனால் அதே தென்மேற்குப் பாலைவனம். நீராவி இன்ஜினுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வேண்டும், பராமரிப்பு வேண்டும். அந்தத் தூரம் முடிகிற இடத்தில், பாலைவனமோ என்னவோ, ஒரு ஊரைக் கட்டித்தான் ஆகணும். அப்படிக் கட்டிய ஊர். லோகோ ஷெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச் எல்லாம் வந்தன. டீசலுக்கு அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நின்றுபோனது ரயில் இல்லை, ஊர்.

காட்ரெல் கணக்குப் பார்க்கிறார். யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொரு தரப்பாக எடுத்துப் பார்க்கிறார். கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கல்யாணம் ஆகாமல், வாடகை வீட்டில், இன்றைக்கு இங்கே நாளைக்கு எங்கேயோ என்று இருந்தவனுக்கும் இல்லை. அதிகம் இழந்தவர்கள், ஊரை நம்பிச் சொந்த வீடு கட்டியவர்கள், வருஷக்கணக்காக ஒரே கம்பெனிக்கு விசுவாசமாக இருந்தவர்கள், பொதுக் காரியங்களுக்குப் பணம் போட்டவர்கள். நல்ல குடிமகன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்களோ, அப்படியே இருந்தவர்கள். டீசல் வேண்டாம் என்று காட்ரெல் சொல்லவில்லை. முன்னேற்றத்தின் விலையை யார் தலையில் கட்டினோம் என்றுதான் கேட்கிறார். படித்துமுடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சாண்டா ஃபே பாதையிலும் இது நடந்தது. நியூ மெக்ஸிகோவின் அல்புகர்க்கியில் கம்பெனிக்குப் பெரிய நீராவி இன்ஜின் பணிமனை இருந்தது. ஒரு காலத்தில் அந்த நகரத்தின் மிகப் பெரிய முதலாளியே அந்தப் பணிமனைதான். 1940களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த இடம். பாய்லர் வேலை தெரிந்தவர், வார்ப்பு வேலை தெரிந்தவர், கொல்லர். ஐம்பதுகளின் நடுவில் அதில் ஒரு சிறு பங்குதான் மிச்சம். பாய்லரே இல்லாத இன்ஜினுக்குப் பாய்லர் செய்கிறவர் எதற்கு? 1957ல் சாண்டா ஃபேயின் நீராவி முடிந்துபோனது. ஃபயர்மேன்களை மட்டும் 1937ல் செய்த ஒப்பந்தம் இன்னும் சில வருஷம் காப்பாற்றியது. அள்ளிப்போட நிலக்கரி இல்லாத இன்ஜினில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. பணிமனையிலிருந்து வெளியே போனவர்களுக்கு அந்த சீட்டும் இல்லை.

1948 கிறிஸ்துமஸுக்கு 2333 கிடைத்த பையன்களில் சிலருடைய அப்பாக்கள் அப்படிப்பட்ட பணிமனைகளில் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பார்கள். அப்பாவின் வேலையைச் சாப்பிடப்போகிற இன்ஜினை அப்பாவே கட்டிக்கொண்டுவந்து மரத்தடியில் வைத்திருப்பார். பொம்மையின் மேல் இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஒரு பொம்மை எவ்வளவுதான் சொல்லும்? ஆனால் 75 வருஷமாக இதைப் பற்றி எழுதுகிற பெரியவர்கள் கூரைவலையைப் பற்றி எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்கு இதையும் எழுதியிருக்கலாம்.

நிஜ எஃப் இன்ஜின்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971ல் சாண்டா ஃபே பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக்கிடம் ஒப்படைத்தது. அழகான மூக்குக்கு வேலை போனது. 1970லிருந்து 1978 வரை டெக்ஸஸின் க்ளீபர்ன் பணிமனையில் 233 இன்ஜின்களை, பெரும்பாலும் எஃப்-7களை, மேல்கூட்டை அறுத்தெறிந்துவிட்டுச் சி.எஃப்-7 என்ற மொட்டை இன்ஜின்களாக மாற்றினார்கள். அது அறுத்தால் மட்டும் முடிகிற வேலையில்லை. எஃப் இன்ஜினின் பக்கச் சுவர் வெறும் தகடு இல்லை, உள்ளே பாலத்துக்குப் போடுகிற மாதிரி சட்டகம். எடையைத் தாங்கியதே அந்தச் சுவர்தான். அதனால் கீழே புதுச் சட்டம் போட வேண்டியிருந்தது. லயனல் பொம்மையில் மேல்கூடு பிளாஸ்டிக். சில திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், அடியில் மோட்டார்கள் அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பொம்மை நிஜத்துக்கு நேர் எதிர்.

மூக்கு அறுபட்டாலும் நிறம் சாகவில்லை. 1989ல் சாண்டா ஃபே தன் சரக்கு இன்ஜின்களுக்கு மறுபடி அந்தச் சிவப்பு-வெள்ளியை அடித்தது. பயணிகள் யாரும் இல்லாத ரயிலுக்கு. கம்பெனியில் முடிவெடுத்தவர்கள் எந்தப் பேஸ்மென்ட்டில் வளர்ந்தவர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

நண்பர் வீட்டு மேசையில் லயனலின் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இருந்தது, 30ஆம் எண். நாற்பதுகளில் நீராவி இன்ஜின்களுக்காக விற்றது. ஒரு பித்தானை அமுக்கினால் தொட்டியின் குழாய் டக்கென்று கீழே இறங்கும். கிளம்பும் முன்னால் நண்பர் 2333ஐச் சரியாக அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்திப் பித்தானை அமுக்கினார். குழாய் சிவப்பு மூக்குக்கு மேலே இறங்கி நின்றது. "இதுக்குத்தான் தண்ணி வேண்டாமே" என்றேன். "தெரியும். ஆனா எங்க அப்பா இங்கதான் நிறுத்துவார்" என்றார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு குழாய் மேலே போனது, அவர் ஹாரனை அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.